மலையில் யாருக்கும் நோயில்லையாம்

"எங்காத்துல எத்தனை பேருக்கு கேன்சர்னு உங்க கணக்கு சொல்றது?"

காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்துக்குள் வந்து நின்ற கோதை டீச்சர் கேட்ட முதல் கேள்வி அது. கையில் மடக்கிய குடை. நெற்றியில் ஸ்ரீசூர்ணம் வியர்வையில் லேசாகக் கரைந்திருந்தது. நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"அதெல்லாம் நாங்க வெளியில சொல்றதில்லைங்க" என்றேன்.

"நீங்க சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். எங்க வீதியை ரத்தச் சிவப்பா அடிச்சு ஒரு படம் போட்டிருக்கேளே, அந்தச் சிவப்பு முழுக்க எங்காத்துலேர்ந்து வந்தது. எண்ணினா ஒரு பந்திக்குத் தேறும். நானோ ஒண்டிக்கட்டை. எனக்கு ஒரு தலைவலிகூட இல்லை."

அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஆனால் ஸ்ரீரங்கத்தில் கோயில் மதிலை ஒட்டிய அந்த வீதியும், அவர் வீட்டுக் கதவு எண்ணும் எனக்கு மனப்பாடம். அந்த எண்ணை அத்தனை தடவை என் கையால் எழுதியிருக்கிறேன்.

புற்றுநோய்ப் பதிவேட்டில் வீடு வீடாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைந்து விவரம் சேகரிக்கும் வேலை எனக்கு. இந்தத் தொடரை இதுவரை படிக்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கு, எந்த வயதில், உடம்பில் எந்த இடத்தில், எந்த ஊரில் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் செய்கிறேன்.

சிவப்புப் படம்

டீச்சர் சொன்ன படம் இதுதான். மாவட்டம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, நோயாளிகள் அதிகம் உள்ள இடத்தைச் சிவப்பாகவும் யாருமே இல்லாத இடத்தை வெள்ளையாகவும் காட்டும் வரைபடம். பரிசோதனை வண்டியை எந்த ஊர்களுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் திரையில் போட்டார்கள். கூட்டத்துக்கு வந்த யாரோ ஒரு புண்ணியவான் அதை போனில் படம் பிடித்துவிட்டார். மறுநாளே அது டீச்சர் வீதியின் வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டது.

வீதி ஆடிப்போய்விட்டது. ஒருவர் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினாராம். இன்னொருவர் செல்போன் டவர்தான் காரணம் என்று மனு எழுதினாராம். மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த இடத்திலிருந்து, "உங்க வீதியில அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா டீச்சர் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார்.

டீச்சர் கணக்கு வாத்தியார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அழவில்லை, மனு எழுதவில்லை. உட்கார்ந்து யோசித்திருக்கிறார். விடை கிடைத்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"எங்காத்துப் பின்கட்டுல ஒரு அறை இருக்கு. கரண்ட் வைக்க, அதான் கதிர்வீச்சு சிகிச்சைக்கு, வரவாளுக்குக் கொடுக்கறேன். அஞ்சாறு வாரம் தினம் போகணுமே, மலையிலேர்ந்து தினம் வந்துட்டுப் போக முடியுமா? பச்சைமலைக்காராதான் நிறைய. ஆஸ்பத்திரி கவுண்டர்ல, மலைக்கு லெட்டர் போகாது, போன் எடுக்காது, டவுன் அட்ரஸ் இருந்தா கொடுங்கோன்னு கேட்டாளாம். பாவம், முழிச்சுண்டு நின்னா. என் அட்ரஸைப் போட்டுக்கோன்னு நான்தான் சொன்னேன். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர், எல்லாரும் போட்டா."

கொஞ்சம் நிறுத்தி, "தப்பாம்மா?" என்றார்.

அவர் செய்தது தப்பில்லை. தப்பு யாருடையது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

எங்கள் வேலையில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "கடைசி ஒரு வருஷமா எங்க குடியிருந்தீங்க?" சிகிச்சைக்காக வந்து தங்கிய முகவரி வேறு, வாழ்ந்த ஊர் வேறு. ஆஸ்பத்திரிக் கோப்பில் உள்ள முகவரியை அப்படியே நகல் எடுக்காமல் ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

அந்தக் கோப்புகள் விஷயத்தில் நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட்டம், கோப்புகள் மலை மாதிரிக் குவிந்திருக்கும், சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். ஸ்ரீரங்கம் என்று இருந்தது. ஸ்ரீரங்கம் என்று எழுதினேன். ஒவ்வொரு படிவத்தின் கீழும் என் கையெழுத்து.

டீச்சர் போன பிறகு பீரோவைத் திறந்து பழைய படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் அதற்கு முன் வந்ததில்லை.

நாளைக்கு வரப்போகும் நோயாளிகள்

இந்த இடத்தில் ஒரு வாசகர் கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். துவாக்குடியில் படிக்கும் ஒரு மாணவி எழுதியிருந்தார். "இன்னும் இத்தனை வருஷத்தில் நாட்டில் இத்தனை லட்சம் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று செய்தி போடுகிறார்களே, அது ஜோசியமா?"

ஜோசியம் இல்லை கண்ணு. ஆனால் ஜோசியக்காரரிடம் தப்பான பிறந்த நேரத்தைக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அது இதிலும் ஆகும்.

நாடு முழுவதும் ஒவ்வொரு வீட்டையும் யாரும் எண்ணுவதில்லை. அங்கங்கே எங்களைப் போல் சில பதிவேடுகள், மக்கள்தொகையில் ஒரு பகுதியை மட்டும் எண்ணுகின்றன. அதிலிருந்து மொத்த நாட்டையும் கணிக்கிறார்கள். எண்ணிக்கை ஏறுவது உண்மை. நாம் முன்பைவிட அதிக நாள் வாழ்கிறோம், வயதானால் இந்த நோய்க்கு வாய்ப்பும் கூடும். நகரங்களில் மார்பகப் புற்றுநோய் ஏறுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மொத்தத்தில் இறங்குகிறது என்கிறார்கள். சந்தோஷம். ஆனால் எங்கே இறங்குகிறது, எங்கே எண்ணவே ஆள் போகவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எங்கள் வையம்பட்டி வீட்டில் என் அப்பாவின் வாயில் புண் வந்து, கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. புகையிலை. ஊருக்குப் பல்வலி என்று சொன்னோம். செத்த பிறகு எழுதிக்கொடுத்த காகிதத்தில் காய்ச்சல் என்று போட்டார் என் சித்தப்பா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பம்தான் நாங்களும். நாட்டின் எந்தக் கணக்கிலும் என் அப்பா இல்லை. நான் இந்த வேலைக்கு வந்ததற்கு வேறு காரணம் எதையும் தேட வேண்டாம்.

"ரெகார்டுல ஸீரோ மேடம்"

மறுநாள் பரிசோதனை வண்டிகளை அனுப்பும் திட்ட அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார். எண்ணை மட்டும் நம்புவார். நானும் எண்ணை நம்புகிறவள்தான், அதனால்தான் சண்டையே வந்தது.

"வரப்போற வருஷங்களுக்கு ப்ரொஜெக்ஷன் போட்டாச்சு மேடம். ஸ்ரீரங்கம் பக்கம் ஏறிக்கிட்டே போகுது. வண்டி அங்கதான் நிக்கணும். பச்சைமலைக்கு ஒரு வண்டியை ஏத்தினா டீசல், டாக்டர், நர்ஸ், ஒரு நாள் முழுக்கப் போயிடும். அங்க ரெகார்டுல ஸீரோ."

"அந்த ஸீரோ நான் போட்டதுங்க சார். தப்பாப் போட்டுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். என் மேல் விசாரணை வரலாம் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றத நம்புறேன் மேடம். ஆனா வாயால சொல்றத வச்சு வண்டியை மாத்த முடியாது. ஒவ்வொரு ஆளுக்கும் குடும்ப அட்டை நகல் வேணும், மலையிலதான் குடியிருந்தாங்கன்னு வீட்டு ஆள் ஒருத்தரோட கையெழுத்து வேணும். அடுத்த கூட்டத்துக்குள்ள கொண்டு வாங்க. வரலைன்னா லிஸ்டை மூடிடுவாங்க. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மலைக்கு வண்டி இல்லை."

அடுத்த கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

டீச்சர் மலையேறினார்

நான் தனியாகத்தான் கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ்ஸுக்குள் ஏறினால் ஜன்னலோரம் கோதை டீச்சர். மடியில் ஒரு தூக்கு, பக்கத்தில் சொம்பில் காவிரித் தண்ணீர்.

"அவா எல்லாரையும் எனக்குத்தான் தெரியும். உங்களைப் பார்த்தா ஆபீஸ்னு ஓடிடுவா" என்றார்.

துறையூரில் மலைப் பஸ் பிடித்தோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம், அதனால் ஆடு, அரிசி மூட்டை, சிலிண்டர் எல்லாம் கூட ஏறின. வளைவுகளில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டார். மேலே போகப் போகக் காற்று மாறியது. அறுத்த சாமையைக் காயப்போட்டிருந்த வாசனையும் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கின் ஈரமண் வாசனையும் ஜன்னல் வழியாக வந்தன.

ஊரில் டீச்சரைக் கண்டதும் பெண்கள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "டீச்சரம்மா, உங்க வீட்டு சாத்தமுது வாசனை இன்னும் மூக்குல நிக்குதுங்க" என்றார் நோயாளிக்குத் துணையாக வந்து தங்கியிருந்த ஒரு பெண். ரசத்தை டீச்சர் வீட்டில் அப்படிச் சொல்வார்கள், இவர்களும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் பையிலிருந்து படிவத்தை எடுத்ததும் அந்தக் கைகள் ஒவ்வொன்றாக விலகின.

"எங்க ஊர்ல அந்த வியாதி இல்லைங்க" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"அது கீழ போன எடத்துல வந்ததுங்க."

ஊர்ப் பெரியவர் ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு எங்க பொண்ணுங்களை யாரு கட்டுவாங்க? கிழங்கு வாங்க வர்ற வியாபாரி, இந்த மலைத் தண்ணியில என்னமோ இருக்குன்னு சொல்லிட்டா நாங்க எங்க போறது?"

அவர் பேச்சைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. கோயில் வீதியில் பாட்டிலில் தண்ணீர் பிடித்தவர்களும் இதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். பயம் மலைக்கு மேலும் ஒன்றுதான், கீழும் ஒன்றுதான்.

குழாயடியில் நல்லம்மா

நல்லம்மாவின் அக்கா டீச்சர் வீட்டுப் பின்கட்டில் தங்கி கரண்ட் வைத்துக்கொண்டவர். முற்றிய பிறகுதான் கீழே வந்தார். ஊர் திரும்பிய சில வாரங்களில் இறந்துபோனார். கர்ப்பப்பை வாய்.

குழாயடியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது நல்லம்மா குடத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கையெல்லாம் கிழங்கு மண். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்குத் தீட்டு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சுங்கக்கா. இப்ப மறுபடியும் படுது."

"எத்தனை நாளா?"

"நாத்து நட்டதுலருந்து."

அவர் அக்காவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரிக் கோப்பில் படித்திருந்தேன்.

"இன்னிக்கே என்னோட பஸ்ல வாங்க நல்லம்மா. நான் கூடவே இருந்து காட்டுறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டார். "வரமாட்டேங்க. இங்கருந்து கீழ போன பொம்பளைங்க யாரும் பொழைச்சு வரல. எங்க வீட்டுக்காரரு விட மாட்டாரு. நானே போவ மாட்டேன், எனக்கும் பயமா இருக்கு. வண்டி ஏதோ வருதுன்னு சொன்னீங்களே. இங்க வந்து நின்னா ஏறிக்கிறேன். பத்துப் பேரோட பதினொண்ணா ஏறிடுவேன். தனியா கீழ எறங்கச் சொல்லாதீங்க."

மேலே சோதனை இல்லாததால் முற்றிய பிறகு போகிறார்கள். முற்றிய பிறகு போனதால் பிழைப்பதில்லை. பிழைக்காததால் அடுத்தவர் போகப் பயப்படுகிறார். இந்தச் சக்கரத்தை ஓட்டிக்கொண்டிருந்த கைகளில் என் கையும் ஒன்று. அந்தக் குழாயடியில் அதை மென்று விழுங்கினேன்.

பிறகு அவரிடம் உள்ளதைச் சொன்னேன். "கையெழுத்து இல்லைன்னா வண்டி வராதுங்க. உங்க மலையில யாருக்குமே நோயில்லைன்னு எழுதியிருக்கு. எழுதினது நான்தான்."

"எங்கக்காவுக்கு எந்த ஊர்னு எழுதியிருக்கு?"

"ஸ்ரீரங்கம்."

நல்லம்மா குடத்தை இறக்கி வைத்தார்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்து வாசலில் ஊர் கூடியிருந்தது. டீச்சர் கணக்கு வாத்தியார் குரலில் ஏதேதோ விளக்கிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. எனக்கும் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. அப்போது நல்லம்மா பெண்கள் பக்கமிருந்து எழுந்து நடுவில் வந்தார். அவர் கணவர் "ஏய், உக்காரு" என்றார். அவர் உட்காரவில்லை.

"எங்கக்கா இங்கதான் பொறந்துச்சு. இங்கதான் கிழங்கு தோண்டுச்சு, நாலு புள்ளை பெத்துச்சு. இங்கதான் பொதைச்சோம். நோவுக்கு மட்டும் சீரங்கத்துக்காரியா? எங்க போடணும் கையெழுத்து, காட்டுங்க."

பேனாவை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அவருடைய அக்கா வீட்டுக்காரர், என்னிடம் வியாதியே இல்லை என்று சொன்ன அதே மனிதர், எழுந்து வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

கடைசி பஸ் கிளம்புவதற்குள் பாதிப் படிவங்கள் நிரம்பிவிட்டன. மீதிக்காக இன்னும் இரண்டு முறை ஏறினோம். டீச்சர் ஒரு முறைகூட வரவில்லை என்று சொன்னதில்லை, கண்ணை மூடிக்கொள்வதையும் விடவில்லை.

ஏறட்டும்

கூட்டத்தில் திருத்திய படத்தைப் போட்டார்கள். கோயில் வீதி வெளுத்துவிட்டது. மலை சிவந்திருந்தது. மூன்றாவது வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு இனிமேல் தடையில்லை என்று எனக்கு ஒரு ஓரமாகத் தோன்றியது.

சென்னையிலிருந்து வந்திருந்த மேலதிகாரி ஒருவர் முகம் சுளித்தார். "என்னங்க இது, ஒரே மாசத்துல மலையில இப்படி ஏறியிருக்கு? எதிர்கால மதிப்பீடெல்லாம் தூக்குமே. மேல என்ன பதில் சொல்றது?"

எங்கள் திட்ட அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"ஒண்ணும் ஏறலைங்க சார். இத்தனை நாளா இருந்தது இப்பத்தான் தெரியுது. மதிப்பீடு ஏறட்டும். வீட்டுக்குள்ள பாம்பு இருக்குன்னா விளக்கு ஏத்தணும், அணைக்கக் கூடாது. தப்பு என்னுது, அதுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கேன். தண்டனை எனக்குக் கொடுங்க. மலைக்கு வண்டியைக் கொடுங்க."

எனக்குக் குறிப்பாணை வந்தது. ஒரு ஊதிய உயர்வு போனது. வண்டி மலைக்குப் போனது.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் வண்டி நின்ற அன்று பதினொன்றாவது ஆளாக அல்ல, முதல் ஆளாக நின்றார் நல்லம்மா. அவர் நின்றதால் மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். நல்லம்மாவுக்குச் சந்தேகம் என்று சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பத்திலேயே அகப்பட்டுவிட்டது, ஆபரேஷனோடு முடித்துவிடலாம் என்றார் டாக்டர் அம்மா.

இந்தத் தடவை நல்லம்மா கீழே இறங்கினார். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். டீச்சர் பின்கட்டைத் திறந்து வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் நானும் கூட நின்றேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண், மலையூர்ப் பெயரைக் கேட்டதும் வழக்கம்போல், "டவுன் அட்ரஸ் ஏதாவது இருந்தா குடுங்கம்மா, மலைக்கு லெட்டர் போகாது" என்றார். டீச்சர் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார்.

நல்லம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் எறங்கி வந்தேன்ல. லெட்டரு ஏறி வரட்டும். எங்க ஊர் பேரைப் போடுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். போடுங்கள் என்று தலையசைத்தேன். பிறகு என் படிவத்தை எடுத்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"கடைசி ஒரு வருஷமா எங்க குடியிருந்தீங்க?"

"பொறந்ததுலருந்து அங்கதாங்கக்கா."

அன்று மலையின் கணக்கில் ஒன்று கூடியது. அதற்கு முன் நான் அந்த மலைக்கு எழுதிய பெயர்கள் எல்லாம் செத்தவர்களின் பெயர்கள். நல்லம்மா போன வாரம்கூட போன் செய்தார், கிழங்கு பிடுங்க ஆள் கிடைக்கவில்லையாம், தானே இறங்கிப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாராம்.